அடைப்பு மடத்துக் கன்னியர்: கிராதிக்கு உள்ளே நடப்பதும் வெளியே நினைப்பதும்

2024 மே மாதம் ஸ்பெயினின் பெலொராடோ என்ற சிற்றூர் திடீரென்று செய்திகளில் அடிபட்டது. சாக்லேட் செய்து விற்பதற்குப் பெயர்போன கிளாரா சபைக் கன்னியரின் அடைப்பு மடம் ஒன்று அங்கே இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் இன்றைய தலைமையை ஏற்பதில்லை என்று அந்த மடம் அறிவித்தது. தாங்கள் ஏற்கும் கடைசித் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ்தான் என்றார்கள் அந்தக் கன்னியர். அவர் இறந்தது 1958இல். அடுத்த மாதமே 10 கன்னியர் சபைநீக்கம் ஆனார்கள். மடத்துக் கட்டடம் யாருக்கு என்ற தகராறு நீதிமன்றம் வரை போனது.

செய்தியைப் படித்தவர்களுக்கு மூன்று கேள்விகள் எழுந்தன. வெளியுலகத் தொடர்பே இல்லாதவர்கள் இணையத்தில் எப்படி அறிக்கை விட்டார்கள்? பேசாமல் இருப்பதாகச் சபதம் எடுத்தவர்கள் இல்லையா இவர்கள்? சொத்தே வைத்துக்கொள்ளாதவர்களுக்குச் சொத்துத் தகராறு எங்கிருந்து வந்தது? மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒவ்வொரு தவறான எண்ணம் இருக்கிறது. அவற்றை அவிழ்க்க அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாக் கன்னியரும் ஒரே வகை அல்லர்

பள்ளியில் பாடம் நடத்துபவரும் மருத்துவமனையில் நோயாளியைக் கவனிப்பவரும் பணித் துறவியர். இவர்களே எண்ணிக்கையில் மிக அதிகம், நாம் தெருவில் பார்ப்பதும் இவர்களைத்தான். அடைப்பு மடத்துக் கன்னியர் வேறு. செபமே இவர்களுடைய வேலை. பள்ளியோ மருத்துவமனையோ நடத்துவது இவர்கள் பொறுப்பு அல்ல. ஆள் எவ்வளவு தேவைப்பட்டாலும் இப்படிப்பட்ட சபையினரை வெளிப்பணிக்கு அழைக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 674ஆம் பிரிவே சொல்கிறது.

லத்தீனில் இரு வகைக்கும் தனித்தனிச் சொல் உண்டு: முன்னவர் 'சொரோர்', பின்னவர் 'மோனியாலிஸ்'. தமிழில் 'கன்னியாஸ்திரி' என்ற ஒரே சொல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. பாதிக் குழப்பம் இங்கேயே பிறக்கிறது. மூளை முதுமையடைவது பற்றிய புகழ்பெற்ற 'கன்னியர் ஆய்வு' ஓர் உதாரணம். 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த ஆய்வில் 678 பேர் பங்கேற்றார்கள். அமைதியான மடத்து வாழ்க்கைதான் அவர்களைக் காத்தது என்று பலர் அதை மேற்கோள் காட்டுவார்கள். பங்கேற்ற சபையோ பள்ளி நடத்தும் ஆசிரியைகளின் சபை. அன்னை தெரேசாவும் பணித் துறவிதான், அடைப்பு மடத்தவர் அல்லர்.

அடைப்பு மடத்தவருள் கார்மேல் சபையும் கிளாரா சபையும் அதிகம் அறியப்பட்டவை. தோமினிக், பெனடிக்ட், சிஸ்டெர்சியன், கார்த்தூசியன் மரபுகளைச் சேர்ந்த மடங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கு வேறு. ஆகவே 'அடைப்பு மடத்தில் இப்படித்தான்' என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்தச் சபையில் என்று கேட்பதே முதல் கேள்வி.

அடைப்பு என்பது ஒரு சட்டம்

மடத்தின் ஒரு பகுதி கன்னியருக்கு மட்டும் ஒதுக்கப்படுகிறது. தகுந்த காரணமும் அனுமதியும் இல்லாமல் வெளியார் உள்ளே வரக் கூடாது, உள்ளிருப்பவர் வெளியே போகக் கூடாது. இதன் பெயர் அடைப்பு. இது ஒரு மனநிலையோ உருவகமோ அல்ல. எந்த அறை உள்ளே, எந்த அறை வெளியே என்று வரைந்து காட்டக்கூடிய எல்லை.

இந்தச் சட்டம் வந்த வழியைப் பார்க்காமல் இன்றைய நிலை புரியாது.

1. 1298இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், எல்லாச் சபைக் கன்னியரும் அடைப்புக்குள் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதுவரை மடத்துக்கு மடம் பழக்கம் மாறுபட்டது. ஆணைக்குப் பிறகும் பல இடங்களில் அது ஏட்டளவில்தான் இருந்தது.

2. 1563இல் ஆயர்களின் பேரவையான திரெந்து பொதுச்சங்கம் அதைப் புதுப்பித்தது. 1566இல் ஐந்தாம் பயஸ் மேலும் இறுக்கினார். துறவியாக வாழ விரும்பும் பெண்ணுக்கு அடைப்பைத் தவிர வேறு வழி இல்லை என்றானது அப்போதுதான்.

3. விளைவு கடுமையாக இருந்தது. 1610இல் பிரான்சிஸ் தெ சாலும் ஜேன் தெ ஷந்தாலும் தொடங்கிய மினவுதல் சபையினர் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் எண்ணத்தோடு கூடியவர்கள். சில ஆண்டுகளிலேயே அவர்களும் அடைப்பு மடமாக மாற வேண்டியதாயிற்று. அடைப்பை மறுத்துப் பெண்களுக்குப் பள்ளி நடத்திய இங்கிலாந்தின் மேரி வார்டின் அமைப்பை 1631இல் திருத்தந்தையே கலைத்தார்.

4. அடைப்பு இல்லாத பெண் துறவிகளுக்கு முழுமையான சட்ட ஏற்பு கிடைத்தது 1900இல், பதின்மூன்றாம் லியோ காலத்தில்.

இந்த வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு மேல் பெண்கள்மீது திணிக்கப்பட்ட ஒரு விதி, திணிப்பு நீங்கிய பிறகும் ஒரு சிறு கூட்டத்தால் விரும்பித் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவர்கள் பாதிக் கதை சொல்கிறார்கள்.

இன்றைய விதிகள் 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டத்திலும், 2018இல் வந்த அதன் நடைமுறை அறிவுரையிலும் உள்ளன. அடைப்பிலும் படிகள் உண்டு. முழுத் தியான மடங்களுக்கு உரியது திருத்தந்தை அடைப்பு, இதுவே கடுமையானது. விருந்தினர் இல்லம் போன்ற சிறு பணிகளைச் செய்யும் மடங்களுக்கு நெகிழ்வான அடைப்பு. சந்திப்பு அறையில் சில மடங்கள் இன்றும் இரும்புக் கிராதி வைத்திருக்கின்றன. வேறு சிலவற்றில் இடுப்பளவுத் தடுப்பு மட்டுமே. பொருள்களை உள்ளே அனுப்ப, சுவரில் பதித்த சுழலும் மரப்பெட்டி பல பழைய மடங்களில் உண்டு. ஸ்பெயினில் பணத்தை அதில் வைத்துச் சுழற்றினால் இனிப்புப் பெட்டி திரும்பி வரும். விற்றவர் முகத்தை வாங்கியவர் பார்ப்பதில்லை.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது

ஒரு கார்மேல் மடத்தை எடுத்துக்கொள்வோம். நேரம் மடத்துக்கு மடம் மாறும், வரிசை பெரும்பாலும் இதுதான்.

விடியுமுன் மணி அடிக்கும். முதல் ஒரு மணி நேரம் மௌனத் தியானம். புத்தகமோ பாடலோ கட்டாயமில்லை, சும்மா உட்கார்ந்திருப்பதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். புதிதாய் வருபவர்கள் தடுமாறுவதும் முதலில் இங்கேதான். பிறகு காலைப் புகழ், திருப்பலி, காலை உணவு. அதன்பின் நண்பகல் வரை வேலை.

மதிய உணவைப் பேசாமல் உண்பார்கள். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். உணவுக்குப் பின் பொழுதுபோக்கு நேரம். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கையில் தையலோ பின்னலோ வைத்துக்கொண்டு பேசிச் சிரிக்கும் நேரம் இது. இது சலுகை அல்ல, ஒழுங்கின் பகுதி. கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசா இதை நாளுக்கு இருமுறை வைத்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்தி காட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

பிற்பகலில் மறுபடி வேலை, மாலைப் புகழ், இன்னொரு மணி நேரத் தியானம், எளிய இரவுணவு, இரண்டாவது பொழுதுபோக்கு, இரவுச் செபம். அதன்பின் 'பெரிய மௌனம்'. மறுநாள் காலைச் செபம் வரை அவசியமின்றி யாரும் பேசுவதில்லை.

நாள் முழுவதையும் கோத்து நிற்கும் இந்த வேளைச் செபங்களின் தொகுப்புக்குத் தமிழில் திருப்புகழ்மாலை என்று பெயர். பெரும்பகுதி விவிலியத்தின் திருப்பாடல்கள். பாதி வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தாலும் மணி அடித்தால் பேனாவை வைத்துவிட வேண்டும் என்பது மரபு. கார்த்தூசியன் கன்னியர் இதற்காக இரவுத் தூக்கத்தையே இரண்டாகப் பிளந்து, நடுவில் எழுந்து பாடுகிறார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கார்மேல் மடங்களில் நோயுற்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இறைச்சி கிடையாது. செப்டம்பர் 14, திருச்சிலுவை விழாவிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை நோன்புக் காலம். ஞாயிறுகள் விலக்கு.

வேலை என்றால் என்ன வேலை? திருப்பலிக்கான அப்பம் சுடுவது, வழிபாட்டு உடை தைப்பது, மெழுகுவர்த்தி, தோட்டம், இனிப்பு, நூல் கட்டுதல், மொழிபெயர்ப்பு. இப்போது இணையம் வழி விற்பனையும் உண்டு. சம்பளம் தருபவர் யாரும் இல்லை. கைவேலையும் நன்கொடையும்தான் அடுப்பை எரிக்கின்றன. பெலொராடோவின் சாக்லேட்டும் இந்த வகைதான். ஆர்டர் எடுக்கவும் கணக்குப் பார்க்கவும் கணினி வேண்டியிருக்கிறது. மின்னணுத் தொடர்பை அளவோடும் தேர்ந்தும் பயன்படுத்தச் சொல்கின்றன 2016, 2018 ஆவணங்கள். முற்றிலும் தடை செய்யவில்லை. முதல் கேள்விக்கு இதுவே விடை.

அடிக்கடி கேட்கும் தவறான எண்ணங்கள்

1. "மௌன விரதம் எடுத்தவர்கள்." அப்படி ஒரு வார்த்தைப்பாடே (துறவியர் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி) இல்லை, இரண்டாவது கேள்விக்கு இதுவே விடை. துறவியர் கொடுப்பவை கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று. பெனடிக்ட் மரபில் வாசகம் சற்று மாறும், அதே மடத்தில் நிலைத்திருப்பதும் அதில் அடங்கும். கிளாரா சபையின் சில கிளைகளில் அடைப்பை நான்காவதாகச் சேர்ப்பார்கள். மௌனம் ஒழுங்குமுறை, அவ்வளவுதான். வேலைக்குத் தேவையானதைப் பேசலாம், பொழுதுபோக்கு நேரத்தில் பேசியே ஆக வேண்டும்.

2. "உள்ளே போனால் பிணமாகத்தான் வெளியே வரலாம்." மருத்துவம் பார்க்க, நோயுற்ற சக கன்னியருக்குத் துணையாக, வாக்களிப்பது போன்ற குடிமைக் கடமைக்கு வெளியே போகலாம். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வரிசையில் நிற்கும் அடைப்பு மடத்துக் கன்னியரின் படங்கள் ஐரோப்பிய நாளேடுகளில் வழக்கமான காட்சி. குழாய் உடைந்தால் பழுது பார்ப்பவர் உள்ளே வருவார். மடத்தை விட்டு நிரந்தரமாக விலகும் வழியும் இருக்கிறது, அதைத் தனியே பார்ப்போம்.

3. "காதல் தோல்வி, அல்லது படிப்பு ஏறாதவர்கள்." 17ஆம் நூற்றாண்டு மெக்ஸிகோவின் சோர் ஹுவானா, திருமணம் தன் படிப்பைக் கெடுக்கும் என்பதால் மடத்தைத் தேர்ந்தவர். தன் அறையில் பெரும் நூலகமே வைத்திருந்தார். அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அமைதியாக உட்கார்ந்து படிக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. 1933இல் ஜெர்மனியின் கொலோன் கார்மேலில் நுழைந்த எடித் ஸ்டைன், மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மடத்திலும் எழுதிக்கொண்டே இருந்தார். யூதப் பிறப்பின் காரணமாக 1942இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மடத்துச் சுவர் அவரைக் காக்கவில்லை.

4. "உலகத்தை வெறுத்து ஓடுபவர்கள்." பிரான்சின் கார்மேல் கன்னியர் லிசியே தெரேசா 1888இல் 15 வயதில் மடத்தில் நுழைந்து, 1897இல் 24 வயதில் இறந்தார். இடையில் வெளியே வரவே இல்லை. தொலைநாட்டுப் பணிக்கென இருந்த ஒரு குருவுக்கும் ஒரு குருமாணவருக்கும் கடிதம் எழுதினார், அவ்வளவே. அவரைத்தான் 1927இல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலி என்று திருச்சபை அறிவித்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். உள்ளிருப்பவர்கள் தங்கள் செபத்தை உலகத்துக்காகச் செய்யும் வேலையாகவே எண்ணுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

5. "கட்டாயப்படுத்தி அடைக்கிறார்கள்." இது பொய்யென்று தள்ளிவிட முடியாது. சீதனம் கொடுக்க முடியாத குடும்பங்கள் மகள்களை மடத்தில் தள்ளியது ஐரோப்பிய வரலாறு. மடமும் பணம் கேட்டது, ஆனால் திருமணத்துக்கு ஆவதைவிடக் குறைவு. 17ஆம் நூற்றாண்டு வெனிஸில் அப்படித் தள்ளப்பட்ட அர்காஞ்செலா தரபொத்தி, தந்தையரின் கொடுமையைக் கண்டித்து மடத்துக்குள்ளிருந்தே எழுதினார். பெண்களைப் பலவந்தமாக மடத்தில் சேர்ப்போருக்குச் சபைநீக்கம் என்று திரெந்து சங்கம் விதித்ததே, அது எவ்வளவு பரவலாக நடந்தது என்பதைக் காட்டுகிறது. நேர் எதிரான காட்சியும் உண்டு. 1790இல் பிரெஞ்சுப் புரட்சி அரசின் அதிகாரிகள் கொம்பியேன் கார்மேலுக்குப் போய், ஒவ்வொரு கன்னியரையும் தனியே அழைத்து, வெளியேற விருப்பமா என்று கேட்டார்கள். இருப்போம் என்றார்கள் அத்தனை பேரும். நான்கு ஆண்டு கழித்து, 1794 ஜூலை 17 அன்று, அச்சமூகத்தின் 16 பேர் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டார்கள்.

சேர்வதும் விலகுவதும்

இன்றைய சட்டப்படி நவசந்நியாசத்தில் (வார்த்தைப்பாட்டுக்கு முந்திய பயிற்சியில்) சேரக் குறைந்தது 17 வயது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18, இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21. வற்புறுத்தலோ அச்சமோ ஏமாற்றோ இருந்தால் வார்த்தைப்பாடு செல்லாது. தியான மடங்களுக்குப் பயிற்சிக் காலம் இன்னும் நீளம்: குறைந்தது 9 ஆண்டு, கூடினால் 12. விருப்பநிலையும் முன்பயிற்சியும் ஒவ்வொரு வருடமாவது, நவசந்நியாசம் 2 வருடம், தற்காலிக வார்த்தைப்பாட்டில் 5 வருடம். அந்த 5 வருடக் கெடு முடிந்ததும் யாரையும் கேட்காமல் போகலாம். மடமும் போதிய காரணம் இருந்தால் 'வேண்டாம்' என்று சொல்லலாம். மருத்துவராகும் ஒருவரின் படிப்புக்காலத்தோடு ஒப்பிட்டால் இது குறைவல்ல.

இறுதி வார்த்தைப்பாட்டுக்குப் பிறகும் வழி அடைபடுவதில்லை. 2018 விதிப்படி மடத்துத் தலைவி ஓராண்டு வரை வெளியே வாழ அனுமதிக்கலாம், மடக் கூட்டமைப்பின் தலைவி மேலும் இரண்டாண்டு நீட்டலாம். முழுவதும் விலக வேண்டுமானால் வத்திக்கானிடம் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி வந்து அவர் ஏற்றுக்கொண்டதும் வார்த்தைப்பாடுகள் நீங்குகின்றன.

சிக்கல் சட்டத்தில் இல்லை, கையில் காசில் இருக்கிறது. இறுதி வார்த்தைப்பாட்டின்போது சொத்துரிமையைத் துறந்தவர், 60 வயதில் வெளியேறினால் என்ன செய்வார்? மடத்தில் செய்த வேலைக்கு ஊதியம் கோர முடியாது என்கிறது 702ஆம் பிரிவு. அதே பிரிவு, விலகுபவரிடம் மடம் நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எவ்வளவு கொடுப்பது என்று சொல்லவில்லை. பல பெண்களுக்குக் கதவு சட்டப்படி திறந்தும் நடைமுறையில் பாதி சாத்தியும் இருப்பது இதனால்தான். இந்த வாழ்க்கையை விமர்சிப்பவர்கள் கிராதியைக் காட்டுவதைவிட இதைக் காட்டினால் வலுவாக இருக்கும்.

தனிமையா கடினம்?

வெளியார் கற்பனை செய்வது தனிமையை. சபைகளின் ஒழுங்கு நூல்களைப் பார்த்தால், அவை அஞ்சுவது தனிமைக்கு நேர் எதிரானதை: அதே முகங்கள், அதே இருமல், அதே குரல், ஐம்பது ஆண்டு. அவிலா தெரேசா 1562இல் புனித யோசேப்பு மடத்தைத் தொடங்கியபோது ஒரு மடத்தில் 13 பேர் போதும் என்று எண்ணினார், பின்னால் வந்த உச்ச வரம்பு 21. அவர் முன்பு வாழ்ந்த மடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கூட்டம் பெருத்தால் குழு சேரும், உயர்குடிப் பெண்கள் தோழிகளோடு தனி வட்டம் அமைப்பார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். நெருங்கிய தனி நட்புகளைப் பற்றி அவர் திரும்பத் திரும்ப எச்சரிப்பதும் இதனால்தான். 'என் அறை', 'என் கைக்குட்டை' என்று சொல்லாமல் 'நம் அறை', 'நம் கைக்குட்டை' என்று சொல்லும் பழைய கார்மேல் வழக்கமும் இதே கவலையிலிருந்து வந்தது.

மூடிய சமூகத்தில் அதிகாரம் ஒருவர் கையில் தங்கிவிடும் ஆபத்து உண்டு. அதற்குச் சில தடுப்புகள் உண்டு. தலைவியைக் கன்னியரே இரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள், கார்மேலில் 3 ஆண்டுக்கு ஒருமுறை. புதியவரை ஏற்பதற்கும் வாக்கெடுப்பு. வெளியிலிருந்து ஒருவர் முறைப்படி வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கும் பார்வையிடல் இருக்கிறது. உள்ளத்தைத் திறந்து காட்டும்படி தலைவி யாரையும் தூண்டக் கூடாது என்று 630ஆம் பிரிவு தடுக்கிறது. இவை தாளில் நன்றாக இருக்கின்றன. பார்வையிட வருபவர் அரைமணி நேரம் கேட்டுவிட்டுப் போய்விடுவார், தலைவியோடு மறுநாளும் அதே மேசையில் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் எத்தனை பேர் வாயை மூடும் என்பது வேறு விஷயம்.

சொத்து யாருடையது?

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஏழ்மை வார்த்தைப்பாடு தனி ஆளுக்கு உரியது. மடம் என்ற அமைப்புக்கு நிலமும் கட்டடமும் இருக்கலாம். தனித்தியங்கும் மடம் ஒவ்வொன்றும் திருச்சபைச் சட்டத்தில் ஒரு சட்ட நபர். அந்தச் சொத்து கன்னியர் பங்கு போட்டுக்கொள்ளக்கூடியது அல்ல, மறைமாவட்ட ஆயரின் சொந்தச் சொத்தும் அல்ல. திருச்சபைச் சொத்து என்ற வகையில் மடத்தின் பெயரில் நிற்பது. பெரிய விற்பனைக்கு மேலிடத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

பெலொராடோவில் பூசல் முற்றியது இன்னொரு மடக் கட்டடத்தை வாங்கும் பேச்சிலும், தங்களுடைய வேறொரு கட்டடத்தை விற்கும் திட்டத்திலும்தான். கன்னியர் திருச்சபையை விட்டுப் பிரிந்தால் மடம் என்ற சட்ட நபர் அவர்களோடு போகாது என்பது திருச்சபையின் வாதம். மடமே நாங்கள்தான் என்பது அவர்கள் வாதம். வத்திக்கான் அந்த ஊர் அடங்கிய புர்கோஸ் மறைமாவட்டத்தின் பேராயரை ஆணையராக நியமித்து நிர்வாகத்தை அவரிடம் ஒப்படைத்தது.

இத்தகைய தகராறுகள் இனி கூடலாம். 2018 விதிப்படி, இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்து பேராகக் குறைந்தால் அந்த மடம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்கிறது. பிறகு மீள வாய்ப்பிருக்கிறதா என்று ஆராயப்படும். இருந்தால் வலுவான வேறொரு மடத்தோடு இணைக்கப்படும், இல்லையென்றால் மூடப்படும். மூடிய மடத்தின் சொத்து எங்கே போவது என்பதையும் வத்திக்கானே தீர்மானிக்கும். ஐரோப்பாவின் பழைய மடங்கள் பலவற்றில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் முதியோர். நகர நடுவில் நானூறு ஆண்டுப் பழமையான கட்டடம், உள்ளே எண்பது வயதைக் கடந்த நாலு பேர், வாசலில் அதை விடுதியாக்கக் காத்திருக்கும் வணிகர். அந்த நாலு பேரில் ஒருவர் இறந்தால் மூவர், அப்போதும் விடியுமுன் மணி அடிக்கத்தான் செய்கிறது.